மலை விசாரிக்க வந்தது

மலை எங்க ஊருக்கு வந்த அன்னைக்கு நான் முத ஈடு இட்லி ஊத்தி மூடி வச்சுட்டு, சட்னிக்கு நாலு கொத்தமல்லி கிள்ளலாம்னு பின்வாசலுக்குப் போனேன். போனா, கொல்லைச் சுவத்துக்கு அங்கிட்டு ஆனைமுதுகு மலை நிக்குது. நேத்து வரைக்கும் டவுன் பஸ் ஏறி, செக்போஸ்ட்டுல இறங்கி, அங்கருந்து ஜீப்புக்குக் காத்துக் கெடந்து, அதுக்கப்புறமும் நடையா நடந்து சேர வேண்டிய மலை, சுவத்துல முழங்கையை ஊனி எட்டிப் பாக்குற பக்கத்து வீட்டுக்காரியாட்டம், ஈரப் பாறையும் பெருமரமும் மேகமுமா அப்படியே நின்னுச்சு. அண்ணாந்து பாத்தேன், கழுத்து வலிக்கிற வரைக்கும் பாத்தேன், உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அப்புறம் கொத்தமல்லியக் கிள்ளிக்கிட்டு உள்ள வந்துட்டேன். இட்லி வெந்திருச்சு, கடைவாசல்ல ஆளு நிக்குது, மலையப் பாத்துக்கிட்டு நின்னா சட்னிய யாரு அரைக்கிறது?

ஊருக்கும் மலைக்கும் நடுவுல கெடந்த காடு தோட்டமெல்லாம் என்னாச்சுன்னு கேப்பீங்க. ஒண்ணும் ஆகல. பீரோவுல மடிச்சு வச்ச சேலையாட்டம் மடிஞ்சு கெடந்துச்சு, ஒரு திராட்சைப் பந்தக்கால் சாயல, ஒரு வாய்க்கா ஒடையல. தோட்டம் வச்சிருந்தவுக காலையில அந்த மடிப்புக்குள்ள ஒருச்சாய்ச்சு நொழஞ்சு தண்ணி பாய்ச்சிட்டு, மத்தியானச் சோத்துக்கு மறுபடி ஒருச்சாய்ச்சு வெளிய வந்தாக. மொதல்ல ரெண்டு நாள் எல்லாருக்கும் வாய் பொளந்தபடிதான் இருந்துச்சு, பொம்பளைக சூடம் கொளுத்துனாக, வயசான ஆளுக செருப்பக் கழட்டிட்டுத்தான் தெருவுலயே நடந்தாக. மூணாம் நாள் துணி காயலயேன்னு வையத் தொடங்கிட்டாக. மேகம் நேரா அடுப்படிக்குள்ள வந்து உப்பு ஜாடியில எறங்குது, சூரியன் உச்சி தாண்டுனதுமே ஊருக்குள்ள வெளிச்சம் போயிருது, பஸ் ஸ்டாண்டுல மான் வந்து வாழைப்பழத் தோல் திங்குது, மைனா ஒண்ணு கண்டக்டர் விசில் மாதிரியே ஊதிப் பழகி, ஆளு ஏறுமுன்னாடியே பஸ்ஸக் கெளப்பி விட்டுருது. பள்ளிவாசல் பாங்கு மலையில மோதித் திரும்பி ரெண்டு தடவ கேட்டுச்சு, அதனால காலையில தூங்குறவுகளுக்குச் சாக்கு இல்லாமப் போச்சுன்னு செருப்புக்கடை தாவூது ராவுத்தர் சந்தோசப்பட்டாரு. பாவம் நம்ம வனவர் இன்பராஜ் தம்பிதான். காடு ஊருக்குள்ள வந்திருக்கா, ஊரு காட்டுக்குள்ள போயிருக்கான்னு மேலிடத்துக்குப் போன் போட்டுக் கேட்டுச்சு. அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் ரெண்டையும் பாத்துக்கன்னு சொல்லிட்டாகளாம்.

மலை ஏன் வந்துச்சுன்னு மட்டும் எங்க ஊருல யாரும் யாரையும் கேக்கல. எல்லாருக்கும் தெரியும். எங்க ஊருல ஒரு பழக்கம் உண்டு, மலைக்குச் சொல்லாம யாரும் மலை ஏறுறதில்ல. சொல்லாமக் கொள்ளாமப் போயி நிக்க அது என்ன மாமியா வீடா? போற அன்னைக்கு விடிய, வீட்டுல இருக்கிற ஒருத்தர் கொல்லையில மலையப் பாக்க நின்னு, இன்னார் வர்றாக, இன்னாருக்கு இழுப்பு இருக்கு, இன்னாருக்குக் கால்ல ஆணி இருக்கு, பாத்துக்க, பொழுதுசாயத் திருப்பி அனுப்பிருன்னு சொல்லணும். எறங்கி வந்ததும் அதே எடத்துல நின்னு, வந்து சேந்துட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லணும். வெளியூர் போன பிள்ளை போய்ச் சேந்ததும் போன் போடலேன்னா பெத்தவளுக்குத் தூக்கம் வருமா, அதே கதைதான் மலைக்கும். ஆக, எவனோ ஒருத்தன் வந்து சேந்துட்டு வாயத் தெறக்காம இருந்திருக்கான், பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு அது கெளம்பி வந்துருச்சு.

அதுக்கப்புறம் நடந்தத நெனச்சா எனக்கு இப்பவும் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. வெறகுக்குப் போனவுக, தேனுக்குப் போனவுக, நெல்லிக்காய்க்குப் போனவுக, இஸ்கூலுக்குப் போறேன்னு சொல்லிட்டு அருவிக்குப் போனவுக, எல்லாரும் என் கொல்லைக்கு வந்து வரிசையா நின்னு, நான் அன்னைக்கே வந்துட்டேன், சொல்ல மறந்துட்டேன், மனசுல வச்சுக்காதன்னு சொல்லிட்டுப் போனாக. தாவூது ராவுத்தர் வந்தாரு. நிக்காஹ் ஆன புதுசுல சம்சாரத்த அருவி காட்டக் கூட்டிப் போயி, அங்க என்னமோ சண்டையாகி, ஆளுக்கொரு வழியா எறங்கி வந்து, ரெண்டு பேருமே சொல்லாம விட்டுட்டாகளாம். இப்பப் பேரன் பேத்தி எடுத்தாச்சு. மனுசன் தொப்பியச் சரிபண்ணிக்கிட்டு, நானும் வந்துட்டேன், அவளும் வந்துட்டா, நல்லாத்தான் இருக்கோம்னு சொன்னாரு. மலையே ஏறாதவுக கூட, எதுக்கும் இருக்கட்டும்னு வந்து சொல்லிட்டுப் போனாக. எல்லாருஞ் சொல்லி முடிச்சும் மலை நகரல.

அப்பத்தான் ஊரு மொத்தமும் ஒச்சம்மா வீட்டுப் பக்கம் திரும்பிப் பாத்துச்சு.

ஒச்சம்மா என் கடைக்கு எதுத்த வீடு. ஏலக்காய்க் குடோன்ல காய் பெறக்குற வேலை, சீக்கிரம் வயசு அம்பதத் தொடப் போகுது. அவ புருசன் பவுன்ராசு மலையில தீக்காவலுக்குப் போன ஆளு. காட்டுத் தீ பிடிச்சா மேலருந்து பாத்துச் சொல்றதுதான் வேலை. எட்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு கோடையில, ரெண்டடுக்குத் தூக்குவாளியில சோறும் கருவாட்டுக் கொழம்பும் எடுத்துக்கிட்டுப் போனவரு, போனவருதான். ஆனை மிதிச்சிருச்சுன்னாக, பள்ளத்துல விழுந்துட்டாருன்னாக, எட்டு ஊரு ஆளு தேடியும் ஒரு துணிக்கந்தல் கெடைக்கல. எடுத்து எரிக்க ஒண்ணுமில்லாம எதை வச்சுக் காரியம் பண்றதுன்னு அவ கேட்டா. மலைதானே வாங்கிக்கிச்சு, மலை சொல்லட்டும், அப்பக் கழட்டுறேன்னு தாலியோட இருந்தா. கல்யாண வீட்டுல குங்குமத் தட்ட நீட்டிக்கிட்டு வரிசையா வர்ற பிள்ளைக இவ முன்னாடி வந்ததும் நின்னுருங்க. நீட்டுறதா வேண்டாமான்னு தெரியாம அந்தத் தட்டு அந்தரத்துல ஒரு நொடி நிக்கும் பாருங்க, அதப் பாக்கப் பொறுக்காமலே அவ விசேசங்களுக்குப் போறத விட்டுட்டா. திருப்பூர்ல இருக்கிற தங்கச்சி வருசா வருசம் வந்து கூப்புடுவா, பனியன் கம்பெனியில வேலை இருக்கு, எங்கூட வந்துரு அக்கான்னு. அவரு வர்ற நேரம் கதவு பூட்டிக் கெடந்தா என்ன நெனப்பாருன்னு இவ ஒரே பதிலத்தான் சொல்லுவா. தெனம் ஒலை வைக்கிறப்ப ஒரு கை அரிசி சேத்துப் போடுவா, மறுநாள் அது பழையசோறாகும்.

மலை வந்து அஞ்சாறு நாள் கழிச்சு, கடையில கூட்டம் அடங்குன நேரத்துல அவ வந்து உக்காந்தா. டீ போட்டுக் குடுத்தேன், குடிக்கல.

“மதினி, அது கேக்குறது என்னையத்தான்” அப்படின்னா. “அவரு அங்கதான் கெடக்காருன்னா, அது எதுக்கு மதினி இங்க வந்து கேக்குது?”

எட்டு வருசமா அவரு மலைகிட்ட இருக்காருன்னு நாங்க நெனச்சுக்கிட்டு இருந்தோம், அவரு எங்ககிட்ட இருக்காருன்னு மலை நெனச்சுக்கிட்டு இருந்திருக்கு. ரெண்டு பக்கமும் காத்துக்கிட்டே இருந்திருக்கோம். மேல போயிப் பாக்கணும், பாத்து அதுக்கு ஒரு பதிலச் சொல்லணும், அதுக்கப்புறந்தான் நான் யாருன்னு எனக்குத் தெரியும்னா ஒச்சம்மா. அவ பொறந்ததுலருந்து அந்த மலை ஏறுனதில்ல. நானும் வர்றேன்டின்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் முட்டி வலி ஞாபகம் வந்துச்சு.

தாவூது ராவுத்தர் விசயத்தக் கையில எடுத்துக்கிட்டாரு. அவருக்குச் சக்கரை வந்ததுலருந்து காலையில மைதானத்தச் சுத்தி நடக்குற கூட்டத்துக்கு அவருதான் தலைவரு, நடக்குறதப் பத்தி அவருகிட்டப் பேசுனா நிறுத்த மாட்டாரு. இது ஒண்ணும் பெரிய ஏத்தமில்ல, மிதமான நடைதான், காலையில ஏறி, முகட்டோட ஒரு நீளம் நடந்து, மேல சாப்பிட்டு, பொழுதுசாய எறங்கிரலாம்னு மேசை மேல உப்பையும் மொளகாய்ப்பொடியையும் கொட்டி வழி போட்டுக் காமிச்சாரு. மேசையத் தொடைக்கிறது யாருன்னு கேட்டேன், காதுலயே வாங்கல. ரத்தம் குடிக்கிற அட்டைக்குப் பொகையிலையா சுண்ணாம்பா வெறும் உப்பான்னு ஒரு நாள் முழுக்கச் சண்டை. எலுமிச்சைச் சோறா புளிச்சோறான்னு ஒரு சண்டை. அலுங்கிக் குலுங்கிப் போனாலும் கெடாதது புளிச்சோறுதான், மலைக்குத் தயிர்ச்சோறு கட்டுறவன் புத்தியில்லாதவன்னு நான் சொன்னதும் அது முடிஞ்சு போச்சு. ஊரே வர்றேன்னு நின்னுச்சு. ஒச்சம்மா, நான், ராவுத்தர், வழிகாட்ட இன்பராஜ் தம்பி, அம்புட்டுத்தான்னு ராவுத்தர் சொல்லிட்டாரு. ஒன் முட்டி தாங்குமா ராக்கம்மான்னு என்னையக் கேட்டாரு. முட்டி என்னுது, வலி என்னுது, நீங்க ஒங்க சக்கரையப் பாத்துக்கங்க ராவுத்தரேன்னேன். ஒச்சம்மாவுக்குக் கடையிலருந்து கான்வாஸ் ஷூவும் சாக்ஸும் கொண்டு வந்து போட்டு விட்டாரு. அவ சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டுத் தெருவுல நடந்து பழக, நாய்க நாலு பின்னாடியே நடந்துச்சுக.

இந்தத் திட்டம் போடுறதுலதான் நாங்க கொஞ்சம் அசந்துட்டோம். சுவத்துக்கு அங்கிட்டுத்தான் ஆனைமுதுகு நிக்குதுங்கிற நெனப்பே இல்லாம, அது காதுபடவே அம்புட்டையும் பேசிக்கிட்டு இருந்தோம். ரெண்டாவது வளைவுல உக்கார ஒரு எடமில்லயேன்னு நான் பொலம்புனேன்; மறுநாள் காலையில அந்த வளைவுல, ஆறு பேரு சம்மணம் போட்டு உக்கார்ற மாதிரி ஒரு பலகைப் பாறை கெடக்கு. நேத்து அது அங்க இல்லன்னு இன்பராஜ் தம்பி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுச்சு. முகட்டுக்குக் கீழ தண்ணி கெடையாதேன்னு ராவுத்தர் யோசிச்சாரு. மறுநாள் அந்த எடத்துல வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு ஊத்து மின்னுது. செங்குத்தா இருந்த ஏத்தம் நாளாக நாளாகச் சாஞ்சு குடுத்துக்கிட்டே வந்துச்சு. இத ஊரு கண்டுக்கிட்டதும் கேக்கணுமா, கடையில நிக்க எடமில்ல, ஆளாளுக்கு ஒரு யோசனை, இங்க நெழல் வேணும், அங்க புடிச்சு ஏற ஒரு வேர் வேணும்னு, என்னமோ வீடு கட்டுற கொத்தனாருக்குச் சொல்ற மாதிரி சொன்னாக, மலையும் ஒண்ணொண்ணாச் செஞ்சு வச்சுச்சு. இப்படியே பேசிக்கிட்டே காலத்த ஓட்டியிருப்போம். பேசுறதுலயே ஏறி எறங்குன திருப்தி வந்துருது பாருங்க. ஒச்சம்மாதான் ஒரு சாயங்காலம் எந்திரிச்சு, நாளைக்குப் போவோம்னா.

மறுநாள் புளிச்சோத்த வாழையிலையில கட்டுறப்ப நாலு பொட்டலம் கட்டுனேன். இன்னொண்ணு கட்டுங்க மதினின்னா ஒச்சம்மா. கட்டுனேன்.

விடிஞ்சதும் அவளே கொல்லையில நின்னு சொன்னா. சுவத்துக்கும் அவளுக்கும் நடுவுல என் கொத்தமல்லிப் பாத்தி மட்டுந்தான், ஆனாலும் தூரத்துல இருக்கிறவுகளுக்குச் சொல்ற மாதிரி சத்தமாத்தான் சொன்னா. நாங்க நாலு பேரு வர்றோம், மதினிக்கு முட்டி, ராவுத்தருக்குச் சக்கரை, தம்பிக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு, தனக்கு என்னன்னு சொல்லத் தெரியாம கொஞ்சம் நின்னா. அப்புறம், எட்டு வருசத்துக்கு முன்னாடி புருசனுக்காகச் சொன்ன அதே வார்த்தைய, பொழுதுசாயத் திருப்பி அனுப்பிருன்னு சொல்லிட்டு, ஷூ கயித்த இறுக்கிக் கட்டுனா.

அந்த ஏத்தத்த நான் எப்படிச் சொல்லுவேன். சுவத்துல இருந்த பின்கதவத் தெறந்து கால வச்சா காடு. பெருமரங்க ஒண்ணு மேல ஒண்ணு பாசியப் போத்திக்கிட்டு நின்னுச்சுக, அடியில ஒரு பொட்டு வெயில் கெடையாது, ஆனா இருட்டும் இல்ல, எல்லாம் பச்சையா ஒரு வெளிச்சம். நான் வாயாடி, நான் கூடப் பேசல. கால் ஊனுற எடமெல்லாம் தரை லேசா மேல வந்து வாங்கிக்கிச்சு, கைத்தாங்கலாக் கூட்டிப் போறாப்புல. முட்டி வலி எனக்கு இருந்துச்சு, ஆனா வலிக்கு முன்னாடியே அந்த எடத்துல ஒரு படி இருந்துச்சு. ஒரு காட்டெருமைக் கூட்டம் வழியில நின்னுச்சு, எங்களப் பாத்துச்சு, ஒச்சம்மாவப் பாத்துச்சு, கல்யாண வீட்டுல பெரிய மனுசிக்கு எடம் விடுற மாதிரி ஒதுங்கிருச்சு. இன்பராஜ் தம்பி கைகூப்பிருச்சு. ராவுத்தர் வாய்க்குள்ள ஓதிக்கிட்டே வந்தாரு. எனக்கு எதுக்குன்னே தெரியாமக் கண்ணுல தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, நான் தொடைக்கல.

முகட்டுல ஏறுனப்ப காத்து சேலையப் பறிச்சுச்சு. இந்தப் பக்கம் பாத்தா எங்க ஊரு, என் கடைக் கூரை, தெருவுல ஊரே அண்ணாந்து நிக்கிறது தெரியுது. அந்தப் பக்கம் பாத்தா கேரளம், பச்சைக்குள்ள பச்சையா சரிஞ்சு போயி, அடியில ஓட்டு வீடுகளும் ஒரு தார் ரோடும், அதுல எறும்பாட்டம் ஒரு பஸ்ஸும் போகுது. அந்தப் பக்கம் எறங்குற ஒத்தையடிப் பாதையோட தலைமாட்டுல ஒரு குட்டை மரம் நின்னுச்சு. அதோட கெளையில ரெண்டடுக்குத் தூக்குவாளி ஒண்ணு தொங்குச்சு.

பவுன்ராசோட தூக்குவாளின்னு பாத்ததுமே எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. எட்டு வருச மழைக்கும் காத்துக்கும் அது விழுந்திருக்கணும். அந்த மரம் பட்டைய வளத்து, கைப்பிடியச் சுத்தி மூடி, கையில புடிச்சிருக்கிற மாதிரி புடிச்சு வச்சிருந்துச்சு. ஒச்சம்மா கிட்டப் போனா. ரெண்டு அடுக்கும் தேச்சுக் கழுவி, தண்ணி வடியக் கவுத்து மாட்டியிருந்துச்சு. உள்ள ஒரு பருக்கை இல்ல. எங்க ஊருல வேலை முடிஞ்ச ஆளு தூக்குவாளியக் கழுவிக் கவுத்து வச்சாருன்னா, அன்னைக்கு அந்த எடத்துல அவருக்கு இனிமே ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ஆனை மெரட்டுன ஆளு தூக்குவாளி கழுவ மாட்டாரு. பள்ளத்துல விழுந்தவரு கவுத்து மாட்ட மாட்டாரு. இன்பராஜ் தம்பி என்னமோ ஆறுதல் சொல்ல வாயெடுத்துச்சு, ராவுத்தர் அது கையப் புடிச்சு அமத்திட்டாரு.

அவ அழுவான்னு நெனச்சேன். விரல விட்டு உள்பக்கம் தொட்டுப் பாத்தா, எண்ணெய்ப் பிசுக்கு கூட இல்லாமக் கழுவியிருக்காருன்னு சொன்னா. அப்புறம் அந்த மரத்தடியில உக்காந்து, தரையில உள்ளங்கைய வச்சு, என் காதுபட மலைகிட்டப் பேசுனா.

“ஒம்மேல தப்பில்ல. பொழுதுசாய அனுப்பிருன்னேன், அனுப்பிட்ட. எந்தப் பக்கம்னு நான் சொல்லலயே. ஒனக்கு ரெண்டு பக்கமும் அடிவாரந்தான.”

எங்க காலுக்கடியில மலை ஒரு தடவ மூச்ச உள்ள இழுத்து விட்ட மாதிரி தரை மெதுவா ஏறி எறங்குச்சு. நாங்க நாலு பேரும் அசையாம இருந்தோம். என் ஆயுசுல நான் பயப்படாமப் பயந்தது அந்த ஒரு நேரந்தான்.

அப்புறம் சாப்பிட்டோம். ஒச்சம்மா ரெண்டு பொட்டலத்தயும் பிரிச்சா, தன்னுதயும் சாப்பிட்டா, அவருதயும் சாப்பிட்டா, இலையில ஒரு பருக்கை மீதி வைக்கல. எட்டு வருசமா பழையசோறாப் போன ஒரு கை அரிசி அன்னைக்குத்தான் அவ வயித்துக்குள்ள போச்சு. கை கழுவிட்டு, யாரையும் கேக்காம, தாலிக் கயித்தக் கழட்டி, தூக்குவாளியோட ஒரு அடுக்க நிமித்தி உள்ள போட்டு, மூடிய அழுத்தி மூடி, மரம் புடிச்சிருந்த கைப்பிடியிலயே மறுபடி மாட்டுனா. கட்டுனவரு என்னைக்காச்சும் இந்த வழி வந்தா எடுத்துக்கிறட்டும்னா. மரம் பட்டைய இறுக்கிக்கிச்சோ என்னமோ, காத்து அந்த அடி அடிச்சும் அது ஆடல.

எறங்கி வர்றப்ப பொழுதுசாஞ்சிருச்சு. ஊரே என் கொல்லையில நிக்குது. அவரு வரலன்னு மலைக்குச் சொல்லுவா, அத்தோட ஒப்பாரி எழும்பும்னு நாலஞ்சு கெழவிக முந்தானையத் தயாரா வச்சிருந்தாக. ஒச்சம்மா யாரையும் பாக்கல. ஷூவக் கழட்டி ஓரமா வச்சுட்டு, பாத்திகிட்ட நின்னு, கழுத்து வெறுங்கழுத்தா, மலைய நேருக்கு நேரா பாத்தா.

“நான் வந்து சேந்துட்டேன்” அப்படின்னா.

மலை போச்சு. எங்க கண்ணு முன்னாடியே, பெரியவுக முன்னாடி முதுகக் காட்டாம நகர்ற மாதிரி பின்பக்கமாவே போச்சு, மடிஞ்சு கெடந்த தோட்டமும் ரோடும் திராட்சைப் பந்தலும் ஒவ்வொரு மடிப்பாப் பிரிஞ்சு விரிஞ்சுச்சு, அந்தி வெயில் ஊருக்குள்ள வந்து எல்லாரு மொகத்துலயும் விழுந்துச்சு. ஒப்பாரிக்கு வந்த கெழவிக மூக்கச் சிந்திட்டு, நாளைக்காச்சும் துணி காயும்னுக்கிட்டு வீட்டுக்குப் போனாக. அடுத்த முகூர்த்தத்துல குங்குமத் தட்டு வந்து அவ முன்னாடி தயங்குனப்ப, அவளே கைய நீட்டி எடுத்து வச்சுக்கிட்டா. தட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிருச்சு.

அந்த மாசமே வீட்டப் பூட்டி, சாவிய என்கிட்டக் கூடக் குடுக்காமத் தானே எடுத்துக்கிட்டு, திருப்பூருக்கு பஸ் ஏறுனா. கான்வாஸ் ஷூ போட்டுக்கிட்டுத்தான் போனா. மறுநாள் காலையில, முத ஈடு இட்லி ஊத்தி மூடுன நேரத்துக்குப் போன் வந்துச்சு. மதினி, வந்து சேந்துட்டேன், மலைக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்கன்னா. சட்னிக்குத் தேங்காய் துருவுன கையோட கொல்லைக்குப் போனேன். எட்டத்துல, எப்பவும் இருக்கிற எடத்துல, ஆனைமுதுகு மேகத்துக்குள்ள பாதி மறைஞ்சு நின்னுச்சு. நாலு தெருவுக்குக் கேக்குற மாதிரிச் சொன்னேன், ஒச்சம்மா போய்ச் சேந்துட்டா, நல்லாருக்காளாம்னு. மேகம் வெலகுற வரைக்கும் நின்னு பாத்துட்டு, கொத்தமல்லியக் கிள்ளிக்கிட்டு உள்ள வந்தேன்.